மைனரைக் காணலை

திருச்சுழி அம்மன் துணை
ஆவரங்கரை
22-1-1970, வியாழன்

என் தம்பி மக கோகிலாம்பாளுக்கு அத்தை முத்துமாரியம்மாள் எழுதுறது. நானும் உங்க மாமாவும் அம்மன் புண்ணியத்துல நல்லாயிருக்கோம். நீ மதுரையில ஆஸ்டல் சோத்தை வயிறு நெறையாச் சாப்பிடுறியா? போன தடவை போட்டோவுல தோள்பட்டை எலும்பு தெரிஞ்சுச்சு. டீச்சராகப் போற பொண்ணு, பிள்ளைகளை அதட்டவாவது ஒடம்புல தெம்பு வேண்டாமா?

பொங்கலுக்கு நீ வராம வீடே வெறிச்சுன்னு இருந்துச்சு. கேம்புன்னு எழுதியிருந்த. பொங்கலன்னைக்குப் பாத்துக் கேம்பு போட்ட அந்த டீச்சரம்மா வீட்டுல பானையே கெடையாதா? சரி போ. பாலு வடக்க பாத்துப் பொங்கி விழுந்துச்சு, நல்லதுன்னு மாமா சொன்னாக. எங்க நல்லது? கம்மாயில முழங்காலுக்குத் தண்ணி இல்ல. மாமா பலசரக்குக் கடையில ஈயோட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. ஆடு மேய்க்கிற சீனிச்சாமிக்கு ஆம்பளப்புள்ள பொறந்திருக்கு, தாயும் புள்ளையும் சொகம். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு. வேப்பெண்ணெய் தேய்க்கிறேன். ராத்திரி மாமா அந்த வாடைக்குத் தள்ளிப் படுக்காக.

இன்னொரு சமாச்சாரம், பெருசா ஒண்ணுமில்ல. உன் கிடா மைனர் திங்கக்கிழமை காலையில மேயப் போனது இன்னும் வீடு வரலை. எங்க போயிரும்? வந்துரும். நீ வெசனப்படாமப் படிப்பைப் பாரு தாயி.

அத்தை
முத்துமாரியம்மாள்


மதுரை
25-1-1970

அத்தைக்கு,

கடுதாசி நேத்து வந்தது. ரெண்டு பக்கம் பாலு பொங்கினது, முழங்கால், வேப்பெண்ணெய். கடைசியில நாலு வரியில மைனரைக் காணலைன்னு. முதல் வரியில எழுத வேண்டியது அதுதானே?

அது ஏதோ ஒரு ஆடுன்னு நினைக்கிறீகளா? அப்பா இறந்த மாசம் பொறந்த குட்டி. தாயாடும் செத்துப்போச்சு. சங்குல பாலு புகட்டி, என் பாய்க்குப் பக்கத்துல படுக்கவச்சு மூணு வருஷம் வளர்த்தேன். அண்ணன் கறிக்காரன்கிட்ட விலை பேசினப்ப, "ட்ரெயினிங் முடியுற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும், என் உசிரு மாதிரி பாத்துக்கிடுறேன்"னு சொன்னது நீங்க.

உக்காந்திருக்காம தேடுங்க. நாள் ஆக ஆகத் தூரம் போயிரும். கண்மாய்க்கரையில இருந்து ஆரம்பிச்சு, கடைசியா யார் எங்க பார்த்தாங்கன்னு ஒவ்வொருத்தரா விசாரிங்க. கறுப்புக் கிடான்னு மட்டும் சொன்னா ஆயிரம் இருக்கும். நெத்தியில திருநீறு பூசின மாதிரி வெள்ளை, இடது கொம்பு முனை உடைஞ்சது, இதைச் சொல்லுங்க. கல்லுப்பு டப்பாவைக் கையோட கொண்டு போய்க் குலுக்குங்க. அந்தச் சத்தத்துக்கு எங்க இருந்தாலும் ஓடியாரும். நரிக்குடிச் சந்தையில தமுக்கடிக்கச் சொல்லுங்க. பஸ் கண்டக்டர்ககிட்டயும் சொல்லி வைங்க.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிட்டாலும் சரி. மாசிச் சிவராத்திரிக் களரி வருது. எனக்கு ஒம்பது வயசுல என் சேவலை சாமிக்கு அறுத்து, எனக்கே கொழம்பு ஊத்தி, தின்னு முடிச்ச பிறகு சொன்னீக. இதுவும் அப்படியா? மைனரை எந்தச் சாமிக்காவது நேந்துவிட்டுட்டு "காணலை"ன்னு எழுதுறீகளா?

கோகிலா


அம்மன் துணை
ஆவரங்கரை
30-1-1970, வெள்ளி

கோகிலாவுக்கு,

கையில மாவு இருந்துச்சுன்னு உன் கடுதாசியை மாமாவைப் படிக்கச் சொன்னேன். சேவல் விசயம் வந்ததும் அவுக நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பாத்தாக. பதினோரு வருஷமா அதை வயித்துக்குள்ள வச்சிருந்தியா? அன்னைக்கு உனக்குக் காய்ச்சல் கொதிச்சுது, நேந்துக்கிட்டேன், காய்ச்சல் விட்டுச்சு. சொல்லாம ஊத்துனது தப்புதான். ஆனா மைனரை நான் நேந்துவிடலை. திருச்சுழிக் கோயில் படியில சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லு, பண்ணுறேன்.

தேடாம இருப்பேனா? இந்த முழங்காலை வச்சுக்கிட்டு உப்பு டப்பாவோட எட்டுக் கம்மாய்க்கரை ஏறி எறங்கிட்டேன். டப்பாவைக் குலுக்குனா ஊர்ப்பட்ட ஆடு பூராம் எம் பின்னாடி வருது. ஒரு எடத்துல, "என்னத்தா, ஆடு கூப்பிடுற மந்திரம் எதுவும் கத்துக்கிட்டியா"ன்னு கேக்குறான் ஒரு கெழவன். மாமா கடையை அடைச்சுட்டு சைக்கிள்ல மூணு நாள் அலைஞ்சாக. சந்தையில தமுக்கும் அடிச்சாச்சு.

பாத்தவுக நெறையப் பேரு இருக்காக. திங்கக்கிழமை மத்தியானம் சலவைக்காரர் கம்மாய்க்குள்ள பாத்திருக்காரு. செவ்வாய்க்கெழமை ஒருத்தன் கம்பந்தட்டைப் படப்புல நின்னு தின்னிருக்கு. "வெரட்டலையாய்யா"ன்னேன். "எதுக்கு வெரட்டணும், நல்லாத் தின்னுட்டுப் போகட்டும்னு விட்டேன்"ங்கிறான். நரிக்குடி டீக்கடை வாசல்ல வாழைப்பழம் குடுத்திருக்காக. அதுக்கு அங்கிட்டு ஒரு பொம்பளை வரப்புல எதுக்கவே பாத்திருக்கா, கும்பிட்டுட்டு ஒதுங்கி வழி விட்டாளாம். அதுக்கப்புறம் தடம் தெரியலை.

எல்லாரும் பாத்திருக்காக தாயி, ஒருத்தரும் பிடிச்சுக் கட்டலை. என்ன சனங்களோ.

அத்தை


மதுரை
3-2-1970

அத்தைக்கு,

உங்க கடுதாசியை மூணு தடவை படிச்சேன். படப்பைத் தின்ன ஆட்டை ஒருத்தன் விரட்டலை. டீக்கடையில பழம் குடுத்திருக்காங்க. நம்ம ஊருப் பக்கம் யாரு அத்தை அடுத்தவன் ஆட்டுக்குப் பழம் குடுப்பா? கல்லால அடிப்பானுக, இல்லைன்னா பவுண்டுல அடைப்பானுக.

அப்புறம், ஆட்டைப் பார்த்து யாரு கும்பிடுவா?

நீங்களே எழுதியிருக்கீக, கும்பிட்டுட்டு வழி விட்டாள்னு. எழுதும்போது கை தவறிருச்சா? மைனர் காதுல என்ன செஞ்சீக? மறைக்காம எழுதுங்க. எதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க தேடுறதுன்னாவது தெரியும்.

கோகிலா


ஆவரங்கரை
8-2-1970, ஞாயிறு

கோகிலா,

மேல சாமி பேரு எழுதலை. எழுதக் கை வரலை.

நீ கேட்டதுக்கு நேராவே சொல்லிப்புடுறேன். மார்கழி மாசம் மைனரோட வலது காதுல கவட்டை வெட்டு போட்டேன். இருளப்பசாமிக்கு விட்ட கிடாய்க்குப் போடுற வெட்டு. கழுத்துல மஞ்சத்துணியும் கட்டுனேன்.

கிழிச்சுப் போட்டுறாத, மிச்சத்தையும் படி. தீவாளிக்கு முந்தி பக்கத்து வீட்டு அருஞ்சுனையோட ரெண்டு வெள்ளாட்டைப் பட்டப்பகல்ல லாரியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டானுக. கார்த்திகையில இன்னொரு வீட்டுல மூணு. நாய் வளங்கன்னாக. நாயையே பிஸ்கோத்துப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போறானுக. ஆட்டுக் கொட்டாரத்துல கட்டிப் போடுவோம்னு மாமா சொன்னாக. நீதான், "கட்டிப் போடாதீக அத்தை, கட்டினா சாப்பிடாது"ன்னு அய்ப்பசியில எழுதியிருந்த. அவுத்து விட்டா களவு போயிரும், கட்டுனா பட்டினி கெடக்கும். ரெண்டு நாள் தூங்காம யோசிச்சேன்.

அப்பத்தான் தோணுச்சு. எப்பேர்ப்பட்ட களவாணிப்பயலும் இருளப்பன் கிடாயைத் தொடமாட்டான். தொட்டவன் வாய் கோணிக்கிட்டுக் கெடந்ததை இந்த ஊரே பாத்திருக்கு. சீனிச்சாமியைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னேன். "எந்தக் களரிக்கும்மா?"ன்னு கேட்டான். "பாப்போம்பா"ன்னேன். நேந்துக்கிடலை கோகிலா. வாயால சொல்லலை, மனசுலயும் நெனைக்கலை. சாமி பேரை ஒரு பூட்டு மாதிரி மாட்டிவிட்டேன், அம்புட்டுத்தான்.

களவாணி தொடலைங்கிறது வாஸ்தவம். ஆனா வேற எவனும் தொடலை. முந்தியெல்லாம் அடுத்தவன் காட்டுல வாய் வச்சா அடிச்சு வெரட்டுவான், பொழுது சாய வீடு வந்து சேரும். வெட்டுப் போட்டதுக்கப்புறம் போற எடமெல்லாம் மரியாதை. கம்பு, பழம், கழனித்தண்ணி. அது பாட்டுக்கு அடுத்த காடு, அதுக்கு அடுத்த காடுன்னு போயிக்கிட்டே இருந்திருக்கு.

மொதல்லயே சொல்லியிருக்கணும். சாமி பேர்ல பொய் வெட்டுப் போட்டவன்னு நீ நெனைப்பியேன்னு பயம். என்னை ஏசி வேணும்னாலும் எழுது, எழுதாம மட்டும் இருந்துறாத.

அத்தை


(கார்டு)
மதுரை
11-2-1970

களரி மார்ச் 6-ம் தேதி. மறுநாள் காலையில கிடா வெட்டு. இருளப்பன் கோயில் இருக்கிற ஊர் ஒண்ணு விடாமப் போங்க. வெட்டு நீங்க போட்டது, நேர்ச்சை இல்லைன்னு சொல்லுங்க. இன்னும் இருபத்து மூணு நாள்தான் இருக்கு. மைனர் கெடச்சா எழுதுங்க. வேற எதுவும் எழுத வேண்டாம்.

கோகிலா


ஆவரங்கரை
20-2-1970, வெள்ளி

கோகிலாவுக்கு,

மைனர் கெடச்சிருச்சு. சந்தோசப்படாத, முழுசும் படி.

ஒத்தப்பனையேந்தல்னு ஒரு ஊரு. நரிக்குடி பஸ்ஸுல போயி எறங்கி ரெண்டு மைல் கருவேலங்காட்டுல நடக்கணும். அந்த ஊர்ல கோயில் வாசல்ல ஒரு கறுப்புக் கிடா நிக்கிதுன்னு பஸ்ஸு கண்டக்டர் மாமாகிட்டச் சொல்லியிருக்காரு. நேத்து நான் மட்டும் போனேன்.

தூரத்துலயே தெரிஞ்சுச்சு. வேப்பமரத்துல கட்டியிருக்காக. நல்லாக் கொழுத்திருக்கு. கொம்புக்கு மஞ்சள் பூசி, கழுத்துல புது மணி. பூசாரி வெள்ளத்துரைன்னு ஒரு மனுசன், நல்லவரு, எனக்கு மோரு குடுத்து உக்காரச் சொன்னாரு. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள அவரே சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

அந்த ஊர்ல மூணு வருஷமாக் களரி நடக்கலை. பங்காளிக ரெண்டு வகையறா. ஒரு பக்கம் சங்கரலிங்கம், ஒரு பக்கம் சின்னத்துரை. முதக்கிடா யாரு விடுறதுங்கிறதுல அருவா எடுத்து, ரெண்டு பேரு ஆஸ்பத்திரியில கெடந்து, பேச்சுவார்த்தை இல்லாமப் போயி, கோயில் கதவைத் தெறக்கவே ஆளில்ல. மழை பெய்யாததும் அதனாலதான்னு சனம் சொல்லுது. அப்படி இருக்கையில தை மாசக் கடைசியில ஒரு நாள் காலையில பாத்தா வாசல்ல கிடா. காதுல இருளப்பன் வெட்டு. கட்டுன ஆளு இல்ல, ஓட்டிவந்த ஆளு இல்ல. "ரெண்டு பேருக்கும் வேண்டாம்டா, எனக்கு வேண்டிய கிடாயை நானே கூட்டியாந்துட்டேன்னு சாமி சொல்லிருச்சு ஆத்தா"ங்கிறாரு பூசாரி. ரெண்டு வகையறாவும் ஒண்ணாச் சேந்து கோயிலுக்கு வெள்ளை அடிக்காக. சங்கரலிங்கம் ஏணியைப் பிடிக்க, சின்னத்துரை மேல நிக்காரு. என் கண்ணால பாத்தேன்.

இதுல நான் என்னத்தச் சொல்ல? "உங்க சாமி கூட்டியாரலைய்யா, அது என் தம்பி மக வளத்த மைனரு, திருட்டுக்குப் பயந்து நான் போட்ட வெட்டு"ன்னா?

பையில உப்பு டப்பா இருந்துச்சு. எந்திரிக்கையில குலுங்கிருச்சு. மைனர் கயித்தை அத்துக்கிட்டு வாரது மாதிரி இழுத்துக் கத்துச்சு பாரு, ஊரே திரும்பிப் பாத்துச்சு. "ஆத்தாளுக்குக் கிடாயைத் தெரியுமோ?"ன்னு பூசாரி கேட்டாரு.

"தெரியாதுய்யா, உப்புன்னா எல்லா ஆடும் வரும்ல"ன்னு சொல்லிப்புட்டேன்.

கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கிட்டு வந்துட்டேன். கத்துற சத்தம் ரெண்டு மைலும் காதுல கேட்டுக்கிட்டே வந்துச்சு. வேற கிடா வாங்கிக் குடுத்துப் பாப்பமான்னு மாமா கேக்காக. தானா வந்த கிடாயை விட்டுட்டு வாங்குன கிடாயை எப்படி ஏத்துக்கிடுவாக? சாமிக்குப் போறது புண்ணியம்னு மனசைத் தேத்திக்கிடுவமா? நீ சொல்லு.

அத்தை


மதுரை
24-2-1970

அத்தைக்கு,

நான் சொல்றதுக்கு என்ன இருக்கு. எனக்கு மார்ச் 2-ம் தேதியில இருந்து ஒரு வாரம் மாதிரி வகுப்பு. இன்ஸ்பெக்டர் அம்மா பின் பெஞ்சுல உக்காந்து மார்க் போடுவாங்க. ஒரு நாள் போகலைன்னாலும் இந்த வருஷம் போச்சு. ரெண்டு தடவை லீவு கேட்டேன். "என்ன காரணம்?"னாங்க. ஆட்டுக்கிடான்னு சொன்னதும் ஆபீசுல எல்லாரும் சிரிச்சாங்க. என் கண்ணுல தண்ணி வந்ததைப் பார்த்து ஒரு அம்மா மட்டும் சிரிக்கலை. ஆனா லீவு குடுக்கலை.

கட்டிப் போடாதீங்கன்னு எழுதினவ நான்தான். எட்டு முழக் கயித்துல பகல்ல கட்டி, சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடவே நின்னு மேய்க்கச் சொல்லியிருக்கலாம். ஊர்ல களவு போகுதுன்னு எனக்கும் தெரியும். என் பிடிவாதத்தை நீங்க சுமந்தீங்க. அதுக்காக உங்க மேல எனக்கு இப்ப கோவம் இல்லை.

ஆனா "தெரியாது"ன்னு சொன்னீகளே. அது உங்களைத் தெரியும்னு கத்தியிருக்கு.

புண்ணியம்னு நீங்க உண்மையிலேயே நினைச்சா விட்டுருங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நினைக்கலைன்னா, சொல்ல வேண்டிய ஆள் நீங்க ஒருத்தர்தான். வெட்டுப் பொய்ன்னு வேற யார் சொன்னாலும் அங்க நம்பமாட்டாங்க.

கோகிலா


ஆவரங்கரை
1-3-1970, ஞாயிறு

கோகிலாவுக்கு,

ஒரு வாரமா நான் வீட்டுல சாமி கும்பிடலை. வெளக்கு மட்டும் மாமா ஏத்துறாக. முப்பது வருஷத்துல மொத தடவையா அவுக வெளக்கேத்துறதைப் பாக்குறேன். திரியைத் தலைகீழாப் போடுறாக.

எனக்குப் பயமா இருக்கு தாயி. சொன்னா அந்த ஊர்ல மறுபடியும் அருவா எடுப்பாகளோன்னு ஒரு பயம். பொம்பளைன்னு பாக்காம என்னைய என்ன செய்வாகளோன்னு ஒரு பயம். சொல்லலைன்னாலும் பயந்தான். பொய்யா வச்ச வெட்டுல மெய்யா ரத்தம் விழுந்தா அந்தச் சாமி என்னைச் சும்மா விடுமா?

முந்தாநாள் திருச்சுழிக்குப் போயி அம்மன் சன்னிதியில பூக்கட்டிப் பாத்தேன். வெள்ளை வந்தா சொல்லணும், செவப்பு வந்தா பேசாம இருக்கணும். மொதத் தடவை வெள்ளை வந்துச்சு. பொட்டணம் சரியா மடிக்கலையோன்னு திருப்பிப் போட்டேன். திரும்பவும் வெள்ளை. "அம்மா, மூணாவது கணக்குதான் கணக்கு"ன்னு சொல்லித் திரும்பவும் போட்டு எடுத்தேன். அதைப் பிரிக்கலை. பொட்டணத்தோட வீட்டுக்குக் கொண்டாந்து பொட்டியில வச்சிருக்கேன். அய்யரு என்னைப் பாத்த பார்வை இருக்கே.

வெள்ளிக்கிழமைக்குள்ள உன் பதில் வருமா?

அத்தை


(கார்டு)
மதுரை
3-3-1970

அத்தை, ரெண்டு தடவை சொல்லியாச்சு அம்மன். பொட்டணத்தைப் பிரிக்காதீங்க. பஸ் ஏறுங்க. மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க, தனியாப் போகாதீங்க.

கோகிலா


அம்மன் துணை
ஆவரங்கரை
9-3-1970, திங்கள்

என் தங்கம் கோகிலாம்பாளுக்கு,

மைனர் உசிரோட இருக்கு. முதல் வரியிலயே எழுதிட்டேன், பாத்துக்க. கொட்டாரத்துல எட்டு முழக் கயித்துல நிக்கிது. இனி நடந்ததைக் கேளு.

சனிக்கெழமை மொத பஸ்ஸுக்கே நானும் மாமாவும் கெளம்பிட்டோம். போயிச் சேரும்போது கொட்டுச் சத்தம் கேக்குது. எனக்குக் காலு நடக்கலை. மாமா எம் முதுகுல கை வச்சுத் தள்ளிக்கிட்டே வந்தாக. கல்யாணத்தன்னைக்குக் கூட அவுக என்னைய ஊரறியத் தொட்டதில்ல.

மைனர் கழுத்துல மாலை. அருவாக்காரன் நிக்கான். ரெண்டு வகையறாவும் ரெண்டு பக்கமும் கை கட்டி நிக்காக. பூசாரி சொம்பைக் கையில எடுத்தாரு. நான் கூட்டத்துக்குள்ள பூந்து, "அய்யா, நிறுத்துங்க, அது சாமி கிடா இல்ல"ன்னேன். கொட்டு நின்னுச்சு. என் கொரலு எனக்கே கேக்கலை, இன்னொரு தடவை கத்துனேன்.

சொன்னேன் கோகிலா. லாரி, அருஞ்சுனை ஆடு, மார்கழி மாசம், சீனிச்சாமி கத்தி, மஞ்சத்துணி, அன்னைக்கு உப்பு டப்பா குலுங்குனது, தெரியாதுன்னு பொய் சொன்னது, எல்லாத்தையும் சொன்னேன். சங்கரலிங்கம் மூஞ்சி கறுத்துப் போச்சு. "அப்ப சாமி வரலையா? ஒரு பொம்பளை போட்ட கள்ள வெட்டுக்கா நாங்க கைகோத்தோம்?"ன்னாரு. அந்தப் பக்கமிருந்து சின்னத்துரை, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், முதக்கிடா எங்களதுதான்"னு ஆரம்பிச்சாரு. "ஏலே, யாருடா உங்களது?"ன்னு ஒரு சத்தம். ரெண்டு பக்கமும் முன்னால வருது. நடுவுல நானும் மாமாவும் மைனரும். அவுக என் கையைப் பிடிச்ச பிடி இன்னும் செவந்து கெடக்கு.

பூசாரி சொம்பைத் தூக்கிக் காட்டுனாரு. "வெட்டு யாரு போட்டாங்கிறது இருக்கட்டும். வேணுமா வேண்டாமான்னு இருளப்பன் சொல்லட்டும்"னாரு. தண்ணி தெளிச்சா கிடா ஒடம்பைச் சிலுப்பணும். சிலுப்புனா சாமி சம்மதம், வெட்டிரலாம். உனக்குத் தெரியாததா.

ஒரு கை தண்ணி தெளிச்சாரு. மைனர் நின்னுச்சு. ரெண்டாவது தலையில தெளிச்சாரு. கண்ணை மட்டும் மூடித் தெறந்துச்சு. மூணாவதாச் சொம்பைக் கவுத்தே ஊத்திட்டாரு. முதுகு வழியா ஒழுகி மண்ணு நனையுது, அது ஒரு அசைவு இல்லாம நிக்கிது. "சாமி வேண்டாம்னுருச்சு"ன்னு பூசாரி மாலையைக் கழட்டுனாரு. பொம்பளைக கொலவை போட்டாக.

அதோட வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம். மாமா கூட, "வா, போவோம்"னு காதுல சொன்னாக. எனக்குப் பொய் போதும்னு ஆயிருச்சு கோகிலா. "அய்யா, இன்னொண்ணு. என் தம்பி மக அதைக் குட்டியிலருந்து ஞாயித்துக்கெழமை தோறும் கெணத்தடியில குளிப்பாட்டுவா. எம்புட்டுத் தண்ணி ஊத்துனாலும் அது சிலுப்பாது"ன்னு சொல்லிட்டேன்.

பூசாரி என்னையப் பாத்தாரு. "ஏந்தாயி, நீ வீட்டுலயும் இப்படித்தானா?"ன்னு கேட்டாரு. "இதைவிட மோசம்"னாக மாமா. சின்னத்துரை பக்கத்துல ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எதுத்தாப்புலயும் ஒருத்தன் சிரிச்சான்.

கடைசியில ஊரு கூடிப் பேசி ஒண்ணு வச்சாக. முதக்கிடா அந்த வகையறாவும் விட வேண்டாம், இந்த வகையறாவும் விட வேண்டாம். சாமி பேரை எடுத்து வெளையாடுன ஆவரங்கரைப் பொம்பளை விடட்டும். அவ ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்ல. இந்த வருஷம் மட்டுமில்ல, நான் இருக்குற வரைக்கும் வருஷா வருஷம். சங்கரலிங்கம் சரின்னாரு, அவரு சரின்னதும் சின்னத்துரையும் சரின்னாரு.

அன்னைக்கு எங்கிட்டக் கிடா ஏது? பூசாரி தம் பட்டியில இருந்து ஒண்ணை ஓட்டியாந்து என் பேருக்கு விட்டாரு. கயித்தை நான்தான் பிடிச்சேன். மொதத் தண்ணிக்கே சிலுப்பிருச்சு. அதுக்கு மேல எழுத முடியலை.

அடுத்த வருஷத்துக்குன்னு ஒரு குட்டியைக் கையில குடுத்து விட்டாக. செவலைக் குட்டி, பால் மறந்து பத்து நாளாகுது. வலது காதுல வெட்டு. இது மெய் வெட்டு, பூசாரி போட்டாரு. மூணு சொல்லி விட்டாக: குளிப்பாட்டக் கூடாது, கையில ஊட்டக் கூடாது, பேரு வைக்கக் கூடாது.

மைனர் காது வெட்டு இனி ஒட்டாது. எங்க போனாலும் சாமி கிடான்னு சனம் கும்பிட்டு வழி விடத்தான் செய்யும். அதனால கொட்டாரத்துக்குப் புது அடைப்பு, கழுத்துல மணி. பனமரச் சில்லுல "மைனர், ராஜகுரு கடை, ஆவரங்கரை"ன்னு மாமா தன் கடைப் பேரைச் சேத்துத் தார்ல எழுதிக் கட்டிவிட்டிருக்காக. சாயங்காலம் நான் கூடவே போயி மேய்க்கிறேன், முழங்கால் வலி பரவாயில்ல.

உன் மாதிரி வகுப்பு நல்லா நடந்துச்சா? எழுது.

அத்தை
முத்துமாரியம்மாள்

எடமில்ல, ஓரத்துல எழுதுறேன். குட்டியை நான் குளிப்பாட்டலை. கையில ஊட்டலை, தட்டைத் தூர வச்சுட்டு வந்துடுறேன். பேரும் வைக்கலை, "ஏலே"ன்னுதான் கூப்பிடுறேன். நேத்துல இருந்து "ஏலே"ன்னா திரும்பிப் பாக்குது.